எம்.ஐ-26க்கு யாழ்ப்பாணத்து லேத்தில் பாட்ஸ் கடைய முடியாதா?

வாசகத் தம்பி ஒருவர் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோலும் இல்லை, பாட்ஸும் (உதிரிப்பாகங்களும்) இல்லை. அப்படியிருந்தும் பழைய ஒஸ்டின் ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், தேய்ந்த சாமானைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து போட்டோம். இந்தியா போன்ற பெரிய நாட்டிடம் இருந்த எம்.ஐ-26 என்ற சோவியத் பாரந்தூக்கி ஹெலிகள் மட்டும் ஏன் உதிரிப்பாகம் இல்லாமல் தரையில் நின்றன? அவர்களே செய்துகொண்டால் என்ன? கூடவே, இத்தனை வருடமாகியும் அதைவிடப் பெரியது ஏன் வரவில்லை என்றும், வெள்ளக் காலத்துக்கு இலங்கை ஒன்று வாங்கினால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு சாமானை அச்சொட்டாக அதே உருவத்தில் செய்துவிட்டால் அது அந்தச் சாமான் ஆகிவிடுமா? காருக்குப் பெரும்பாலும் ஆகும். ஹெலியின் ரோட்டரை, அதாவது மேலே இருக்கும் பெரிய விசிறியை, சுற்றவைக்கும் பாகங்களுக்கு ஆகாது.

நான் வளைகுடாவில், கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஹெலிகளைப் பராமரித்துவிட்டு ஊர் திரும்பியவன். வேலையின் பெரும்பகுதி கியர்பொக்ஸும், பிளேட்களைப் பிடித்திருக்கும் ரோட்டர் ஹெட்டும்தான். அவை நடுத்தர வகை ஹெலிகள். எம்.ஐ-26இலோ அமெரிக்கரின் பாரந்தூக்கியான சி.எச்-53இலோ நான் கை வைத்ததில்லை. ஆகவே கியரும் பெயரிங்கும் எப்படித் தேய்கின்றன, எப்படி முறிகின்றன என்பதைக் கையால் தெரிந்து சொல்கிறேன். பெரிய ஹெலிகளைப் பற்றிச் சொல்வது வெளிவந்த விபத்து அறிக்கைகளையும் தயாரிப்பாளர்களின் தரவுகளையும் வைத்து. எந்த இராணுவமும் தன் களஞ்சியத்தில் எத்தனை கியர்பொக்ஸ் இருக்கிறது என்று வெளியில் சொல்லாது. அந்தக் கணக்கை உறுதியாகச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

முதலில் அளவு. எங்கள் வானத்தில் எங்கள் தலைமுறை பார்த்ததும், பார்த்துப் பதுங்குகுழிக்கு ஓடியதும் பெல் 212, எம்.ஐ-17, எம்.ஐ-24 மாதிரியானவை. சத்தத்தை வைத்து அவற்றைப் பென்னாம்பெரிது என்று நினைத்திருந்தோம், ஆனால் ஒன்றுகூடப் பாரந்தூக்கி வகை இல்லை. எம்.ஐ-17 தூக்குவது ஏறக்குறைய 4 தொன். இந்தியா 2019இல் சண்டிகரில் சேவையில் சேர்த்த அமெரிக்கத் தயாரிப்பான சினூக் 10 தொன் அளவில் தூக்கும். எம்.ஐ-26 தூக்குவது 20 தொன். அதன் உச்ச எடை 56 தொன், ரோட்டரின் விட்டம் 32 மீட்டர், எட்டு பிளேட். முதலில் பறந்தது 1977 டிசம்பரில். இன்றைக்கும் சேவையில் இருக்கும் ஹெலிகளில் அதுதான் பெரியது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பாரந்தூக்கி ஹெலி என்றால் எல்லோரும் இஞ்சினைத்தான் பார்ப்பார்கள். நான் கியர்பொக்ஸைப் பார்க்கச் சொல்வேன். எம்.ஐ-26இல் இரண்டு இஞ்சின், ஒவ்வொன்றும் 11,000 குதிரைவலுவுக்கு மேல். அந்த டர்பைன் நிமிடத்துக்கு எண்ணாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. மேலே இருக்கும் ரோட்டர் சுற்றுவதோ நிமிடத்துக்கு 132 தரம்தான். அதைவிட வேகமாகச் சுற்றவிட முடியாது, ஏனென்றால் 32 மீட்டர் விட்டத்தில் பிளேட்டின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கத் தொடங்கிவிடும். ரோட்டர் பெரிதாகப் பெரிதாக மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். வலு கூடி, சுற்று குறைந்தால், தண்டில் வரும் முறுக்கு இரண்டு பக்கத்தாலும் ஏறும். கியர்ப் பல்லை முறிப்பது அந்த முறுக்குத்தான். அதனால் பாரத்தை இரண்டு மடங்காக்க நினைத்தால் கியர்பொக்ஸ் இரண்டு மடங்கில் நிற்காது, அதைத் தாண்டிப் போய்விடும். எம்.ஐ-26இன் பிரதான கியர்பொக்ஸ் மட்டும் மூன்றரைத் தொன் அளவில் இருக்கிறது. அதாவது ஒரு எம்.ஐ-17 அதைத் தூக்கினால் வேறு பெரிதாக எதையும் ஏற்ற முடியாது. எம்.ஐ-26ஐ வடிவமைத்த மில் வடிவமைப்பகம் அந்தக் கியர்பொக்ஸை வெளியாரிடம் கொடுக்காமல் தானே வடிவமைத்தது. முறுக்கைப் பல பாதைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பல்லிலும் விழும் சுமையைக் குறைத்து, கடைசியில் ஒரே பெரிய பல்சக்கரத்தில் சேர்க்கும் ஏற்பாடு அது. பல வருடம் கழித்து அமெரிக்கரும் சி.எச்-53இன் புது ரகமான சி.எச்-53கேக்கு அதே வழிக்குத்தான் போனார்கள்.

ஹெலியில் முக்கியமான எதுவும் இரண்டு இரண்டாக இருக்கும். இஞ்சின் இரண்டு, ஹைட்ரோலிக் இரண்டு, ஜெனரேட்டர் இரண்டு. பிரதான கியர்பொக்ஸ் மட்டும் ஒன்று. அது நின்றால் வேறு வழி கிடையாது. காரில் கியர் முறிந்தால் கே.கே.எஸ். வீதி ஓரத்தில் நிறுத்திவிட்டு நடக்கலாம். சினூக்கில் முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே நிலைமை இன்னும் சிக்கல். இரண்டு ரோட்டரின் பிளேட்களும் ஒன்றின் வட்டத்துக்குள் ஒன்று புகுந்து சுற்றுகின்றன, அவற்றை மோதாமல் வைத்திருப்பது நடுவில் ஓடும் தண்டும் இரு பக்கக் கியர்களும்தான். 1986 நவம்பரில் ஸ்கொட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்தின் சம்பரோ அருகே, எண்ணெய்த் தொழிலாளரை ஏற்றி வந்த சினூக் ஒன்று கடலில் விழுந்து 45 பேர் இறந்தார்கள். முன் கியர்பொக்ஸின் வளையப் பல்சக்கரம் களைப்பு வெடிப்பால் (திரும்பத் திரும்பச் சுமை விழுந்து உலோகத்தில் வரும் வெடிப்பு) பிளந்து, இரண்டு ரோட்டரும் ஒத்திசைவு இழந்து மோதிக்கொண்டன. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பல்சக்கரம் போலி இல்லை, பழசும் இல்லை. திருத்தி வடிவமைத்து, சோதனை செய்து, அங்கீகாரம் பெற்ற பாகம். அந்தச் சோதனை முறையே போதாமல் இருந்தது என்று விசாரணை சொன்னது. தயாரித்தவனே திருத்தியதற்கு இந்தக் கதி என்றால், வரைபடம் இல்லாமல் பார்த்துக் கடைந்ததற்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாகம் சரியாக இருந்தாலும் அதைக் கையாளும் விதம் கெடுத்துவிடும். 1982 செப்டம்பரில் ஜேர்மனியின் மன்ஹைமில் விமானக் கண்காட்சிக்குப் பரசூட் வீரர்களை ஏற்றிப் பறந்த சினூக் விழுந்து 46 பேர் இறந்தார்கள். கியர்பொக்ஸைத் துப்புரவாக்க அரைத்த வால்நட் ஓட்டுத் தூளைப் பாவித்திருந்தார்கள். அதில் மிச்சம் ஒயில் துளைகளை அடைத்து, பெயரிங் ஒயில் இல்லாமல் காய்ந்து போனது. நான் வேலை செய்த இடத்தில் கியர்பொக்ஸ் திறந்த அறைக்குள் சட்டைப் பையில் பேனையைக்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். புதிதாக வருபவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும்.

சரி, லேத்தில் என்ன குறை? உருவத்தில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்கு மறுபேச்சே கிடையாது. குறை உருக்கில் தொடங்குகிறது. இந்த வகைக் கியருக்குப் பாவிக்கும் உருக்கைப் பெரும்பாலும் வெற்றிடத்தில் இரண்டு தரம் உருக்கி எடுப்பார்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு கசடு உள்ளே கிடந்தாலும் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும் என்பதால். பிறகு அடித்து வடிவாக்கி, கடைந்து, பல்லின் மேற்பரப்புக்குள் மட்டும் காபன் ஏற்றி, சூடாக்கிக் குளிரவைத்து, மேலே கண்ணாடி போல் கடினமாகவும் உள்ளே கொஞ்சம் வளைந்து கொடுக்கக் கூடியதாகவும் ஆக்கி, திரும்ப அரைத்து மெருகிடுவார்கள். அரைக்கும்போது சூடு கொஞ்சம் கூடினால் மேற்பரப்பு உள்ளுக்குள் பதம் கெட்டுவிடும், வெளியில் பார்த்தால் மின்னும். அதைக் கண்டுபிடிக்க அமிலத்தில் தோய்த்துப் பார்க்கும் தனிச் சோதனை இருக்கிறது. இத்தனையும் முடித்த பிறகும் அது எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதைச் சோதனை மேடையில் ஓடவிட்டு, முறியும்வரை போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடைசியில் பெட்டியோடு வருவது ஒரு கடதாசி: எந்த உருக்கு, எந்தச் சூளை, எத்தனை மணித்தியாலத்துக்கு அனுமதி, இதுவரை எத்தனை ஓடியது. எங்கள் தொழிலில் பாதி விலை அந்தக் கடதாசிக்குத்தான். கடதாசி தொலைந்த நல்ல பல்சக்கரத்தை வெட்டி இரும்புக் கடைக்குப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது. ஆனால் அதுதான் சரி.

கடதாசி இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2016 ஏப்ரலில் நோர்வேயின் தூரோய் அருகே ஈ.சி.225 வகை ஹெலியின் ரோட்டர் பறப்பிலேயே கழன்று 13 பேர் இறந்தார்கள். கியர்பொக்ஸுக்குள் நடுச் சக்கரத்தைச் சுற்றி ஓடும் கிரகச் சக்கரம் ஒன்று உள்ளிருந்தே களைத்து வெடித்திருந்தது. அந்தச் சக்கரத்தை இரண்டு கொம்பனிகள் செய்து கொடுத்தன, இரண்டும் அங்கீகரிக்கப்பட்டவை, ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம். ஆனால் உள் வடிவத்தில் இருந்த சின்ன வேறுபாட்டால் ஒன்றில் தொடுகை அழுத்தம் கூட, ஆயுள் குறைவு. இது உறுதியான சங்கதி. அதே கியர்பொக்ஸ் முன்பு அவுஸ்திரேலியாவில் லொறியில் போகும்போது வீதி விபத்தில் சிக்கி, பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பச் சேவைக்கு வந்தது என்பதும் உறுதி. அந்த லொறி விபத்துத்தான் வெடிப்புக்குக் காரணமா என்பது உறுதியில்லை. விசாரணையாளர்கள் தொடர்பு இருப்பதாக நிறுவவில்லை. தேநீர்க் கடையில் இதைப் பேசினால் எல்லோரும் லொறியைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

சின்னச் சாமானும் இதே விளையாட்டைக் காட்டும். 2022 ஓகஸ்ட் கடைசியில் அமெரிக்கத் தரைப்படை தன் சினூக்குகளை, ஏறக்குறைய 400ஐ, ஒரேயடியாகத் தரையில் நிறுத்தியது. எரிபொருள் கசிந்து சில இஞ்சின்களில் தீப்பிடித்திருந்தது, யாருக்கும் காயமில்லை. பராமரிப்பின்போது சில இஞ்சின்களில் போட்ட ரப்பர் வளையங்கள் தங்கள் வடிவமைப்புத் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று இஞ்சின் தயாரிப்பாளரான ஹனிவெல் சொன்னது. ஓ-ரிங் என்று நாங்கள் சொல்வது அதுதான். பைப்புக்குப் போடும் வொஷர் அளவுதான் இருக்கும். உலகத்தின் பணக்கார இராணுவத்தின் பாரந்தூக்கிகளை நிறுத்திவைக்க அது போதுமாக இருந்தது.

இனி இந்தியாவின் எம்.ஐ-26 கதை. சோவியத் ஒன்றியத்திடமிருந்து 1986இலிருந்து சேவைக்கு வந்தவை, மொத்தம் நான்கு. 2010இல் ஒன்று ஜம்முவில் விபத்தில் போனது. மற்றவை மணித்தியாலமும் வருடமும் முடிந்து பெரிய ஓவர்ஹோலுக்கு (முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலைக்கு) காத்து ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. ரஷ்ய முறையில் பாகத்துக்கு மணித்தியால ஆயுள் மட்டும் இல்லை, வருட ஆயுளும் உண்டு. பறக்காமல் கொட்டகையில் நின்றாலும் வயது போகும். ஆயுள் முடிந்ததும் கியர்பொக்ஸோ இஞ்சினோ முழுதாகத் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். அந்தத் தொழிற்சாலை எங்கே? ஹெலி செய்தது ரஷ்யாவின் ரொஸ்தோவில். டி-136 இஞ்சின் செய்தது உக்ரைனின் சப்பொரிஷியாவில். வாங்கும்போது இரண்டும் ஒரே நாடு. 1991க்குப் பிறகு இரண்டு நாடு, 2014க்குப் பிறகு ஒருவருக்கொருவர் சாமான் கொடுக்காத நாடுகள், 2022இலிருந்து முழுப் போர். ரஷ்யாவே மாற்று இஞ்சினுக்குத் திட்டம் போட்டு உழைத்துக்கொண்டிருக்கும்போது, மூன்று நான்கு இயந்திரம் வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஹெலிக்காக வெற்றிட உருக்கு, வார்ப்பு, சோதனை மேடை எல்லாம் போடுவதானால் ஒரு பல்சக்கரத்தின் விலையில் புதுச் சினூக் ஒன்றை விசாரிக்கலாம் போலிருக்கும். இந்தியா 2015இல் 15 சினூக்குகளுக்குக் கையெழுத்து வைத்தது இதையும் யோசித்துத்தான் என்பது என் ஊகம். சினூக் தூக்குவது எம்.ஐ-26இல் பாதி. ஆனால் சினூக் 1961இலிருந்து பறக்கிறது, ஆயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், இருபது அளவான நாடுகள் வைத்திருக்கின்றன. யாரோ ஒருவருக்காக எப்போதும் சாமான் செய்துகொண்டே இருப்பார்கள். அதன் பின்பக்கத் தூணும் சரக்கு ஏற்றும் சாய்தளமும் பெங்களூரில் டைனமாடிக் கொம்பனியில் செய்யப்படுகின்றன. இந்தியாவால் முடியாது என்று இல்லை, பாருங்கள். உடற்சட்டம் முடியும், வரைபடமும் ஒப்பந்தமும் எண்ணிக்கையும் இருந்தால் கியரும் முடியும்.

எண்ணிக்கை குறைந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஒன்றைக் கழற்றி மற்றதை ஓட்டுவார்கள். ஜப்பான் ஓய்வு கொடுத்த, சி.எச்-53 குடும்பத்தைச் சேர்ந்த எம்.எச்-53ஈ ஹெலிகளை அமெரிக்கக் கடற்படை வாங்கியது, உதிரிக்காக. அமெரிக்க மரைன்களின் சி.எச்-53ஈக்கள் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அடிபட்டு, ஒரு கட்டத்தில் பாதிக்கும் குறைவானவையே பறக்கும் நிலையில் இருந்தன. ஒவ்வொன்றாக முழுதாகப் பிரித்துத் திரும்பப் பூட்டும் வேலையை 2016இல் தொடங்க வேண்டி வந்தது. நீங்கள் எதிர்க்கேள்வியாக ஃபோக்லாந்துப் போரைச் சொல்லலாம். 1982 மேயில் பிரித்தானியரின் சினூக்குகளையும் உதிரிகளையும் ஏற்றி வந்த கப்பல் ஏவுகணையில் எரிந்தது. வானில் இருந்ததால் தப்பிய ஒரே ஒரு சினூக், உதிரியும் கருவியும் கையேடும் இல்லாமல் போர் முடியும்வரை பறந்தது. உண்மைதான். ஆனால் அது ஏறக்குறையப் புத்தம்புது இயந்திரம், பறந்தது சில கிழமை. கியரின் களைப்பு அதற்குள் கணக்குக் கேட்க வராது.

பெரிதாக ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சோவியத் காரர் 1960களில் வி-12 என்று ஒன்று செய்தார்கள். புதிதாக ஒரு இராட்சதக் கியர்பொக்ஸ் செய்யும் தலையிடியைத் தவிர்க்க, அதற்கு முந்திய பெரிய ஹெலியான எம்.ஐ-6இன் ரோட்டர் தொகுதிகள் இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பூட்டினார்கள். 1969இல் அது 44 தொன்னுக்கு மேல் தூக்கிச் சாதனை வைத்தது, இன்றுவரை முறியவில்லை. தொடர் உற்பத்திக்கு வரவேயில்லை. அமெரிக்கர் எக்ஸ்.சி.எச்-62 என்று சினூக் பாணியில் பெரிது ஒன்று தொடங்கினார்கள். சோதனை மேடையில் கியர்கள் மக்கர் பண்ண, செலவும் ஏற, 1970களின் நடுவில் பறக்காமலே கைவிட்டார்கள். சி.எச்-53கே 2006இல் தொடங்கி 2015இல்தான் பறந்தது, 2022இல்தான் சேவைக்குத் தயார் என்றார்கள். மூன்று இஞ்சின், ஒவ்வொன்றும் 7,500 குதிரைவலு, 12 தொன்னைத் தொங்கவிட்டு வெப்பமான உயரமான இடத்தில் 200 கிலோமீட்டர் கொண்டுபோகும். தாமதத்துக்குக் காரணங்களில் கியர்பொக்ஸும் உண்டு, இஞ்சின் புகையை இஞ்சினே திரும்ப உறிஞ்சியதும் உண்டு. ஒன்றின் விலை பத்துக் கோடி டொலரைத் தாண்டும். சினூக்காரர் வேறு வழி பிடித்தார்கள்: சட்டத்தையும் மின்னணுவையும் புதிதாக்கி, பழைய டி ரகத்தின் கியர்பொக்ஸ்களையும் ரோட்டர் பாகங்களையும் புதுப்பித்துப் பல எஃப் ரக ஹெலிகளில் பூட்டினார்கள். என் கணக்கில் இந்தத் துறையில் நடந்த புத்திசாலித்தனமான காரியம் அதுதான். முப்பரிமாண அச்சில் பாட்ஸ் அடிக்கலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். தாங்கி, மூடி, காற்றுக் குழாய்க்குச் சரி. கியர்ப் பல்லுக்கு நான் அதில் ஏறமாட்டேன்.

இலங்கைக்கு? வேண்டாம் என்பேன். விமானப்படையிடம் எம்.ஐ-17 ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பழகிய ஆட்களும் கருவிகளும் இருக்கிறார்கள், உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பதால் பாட்ஸும் தேடினால் கிடைக்கும். வெள்ளத்தில் கூரையில் நிற்பவரை எடுக்கவும் அரிசி மூட்டை இறக்கவும் 4 தொன் தாராளம். 20 தொன் தூக்கும் ஹெலி கீழே இறங்கினால் அதன் காற்றே ஓட்டு வீட்டின் கூரையைக் கிளப்பிவிடும். ஒன்றோ இரண்டோ வாங்கினால் அது அநாதைப் படையாகத்தான் நிற்கும், ஒரு கியர்பொக்ஸ் ஓவர்ஹோலுக்குப் போன நாளிலிருந்து படையில் பாதி இல்லை. இதில் கடல் உப்பும் சேரும்: பல ஹெலிகளின் கியர்பொக்ஸ் கூடு மக்னீசியக் கலவை, உப்புக் காற்றில் பூச்சு கொஞ்சம் சுரண்டுப்பட்டாலும் அரிப்புப் பிடிக்கும். வளைகுடாவில் நாளாந்தம் நன்னீரால் கழுவுவோம். பலாலியில் நின்றாலும் அதே பாடுதான். பாலம் ஒன்றையோ புல்டோசர் ஒன்றையோ தூக்க வேண்டிய நாள் வந்தால் சினூக் வைத்திருக்கும் அயல்நாட்டைக் கேட்பது மலிவு. அந்தப் பணத்தில் இருக்கிற எம்.ஐ-17களுக்கு மேலதிகமாக இரண்டு கியர்பொக்ஸ் வாங்கிப் பெட்டியோடு வைத்தால், வெள்ளம் வரும் கார்த்திகை மார்கழியில் கூடுதலாக இரண்டு ஹெலி பறக்கும்.